உங்கட கேஸ்

நாரந்தனையில் சசிகரன் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். கேஸ் சசி என்று கேட்டால் ஒரே ஆள்தான். ஐம்பத்துநான்கு வயது, நரைத்த மீசை. ஊர்காவற்றுறையிலிருந்து கடை கடையாகச் சோடா கேஸ், இருபத்துநான்கு போத்தில் பெட்டி, ஏற்றி இறக்கியதில் வலது தோள் ஒரு விரற்கடை பதிந்துபோன மனிதர்.

இங்கிலீசுக்காரன் அந்தச் சொல்லை எந்த வேலைக்கென்று செய்தானோ தெரியாது. தீவுப்பகுதிக்கு வந்து சேர்ந்தபோது அது எல்லா வேலையும் செய்யப் பழகியிருந்தது. சசி பிறந்ததே ஆசுப்பத்திரியில் கால் முன்னுக்கு வந்த கேஸாக. தகப்பன் ஏரம்பு ஒரு வேலிக் கேஸைப் பதினொரு வருடம் நடத்தி, ஒன்றரை முழம் நிலத்தை வென்று, அந்த நிலத்தில் ஒரு கத்தரிக் கன்று நடுவதற்கு முன்பே நெஞ்சுக் கேஸாகிப் போய்விட்டார். சந்தி மதகில் சைக்கிளோடு சரிந்து கிடப்பவர் தண்ணிக் கேஸ். தனியே சிரித்துக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் "அது ஒரு கேஸ், விடு" என்பார்கள். முப்பது வருடத்துக்கு முன் யாரும் யாரையும் பார்த்துச் சிரித்திருந்தால் அது பழைய கேஸ். கலியாணப் பந்தியில் மட்டும் எடுப்பது.

எல்லாவற்றிலும் விலை கூடினது வெளிநாட்டுக் கேஸ். அகதி என்று போய் இறங்குகிறவர், ஏன் ஊரைவிட்டு ஓடிவந்தேன் என்று எழுதிக் கொடுக்கும் கதைக்குப் பெயரும் அதுதான். கதை பிடித்தால் கேஸ் அக்செப்ற். பிடிக்காவிட்டால் றிஜெக்ற். எந்தச் சிறுகதைப் போட்டியிலும் இவ்வளவு கடுமையான நடுவர்கள் இருந்ததில்லை.

சசியிடமும் ஒரு கேஸ் இருந்தது. அவர் அதை எழுதவில்லை. அவருக்கு அது நடந்தது.

முப்பத்தைந்து வயதில் ஒரு நாள் மத்தியானம், சரவணை ஊரில் ஒரு கடைக்குக் கொடுக்க சைக்கிள் கரியரில் ஒரு சோடா கேஸைக் கட்டிக்கொண்டு போனார். வழியில் துவக்கோடு நின்றவர்கள் மறித்தார்கள். யாருடைய துவக்கு என்று கேட்கவேண்டாம். அந்தக் காலத்தில் துவக்குகள் பல பக்கத்திலும் இருந்தன. சசியும் இன்றுவரை சொன்னதில்லை. அன்றைக்கு அந்த றோட்டால் ஒரு கேஸ் வருகிறது என்று அவர்களுக்குத் தகவல் போயிருந்தது. அவர்களுடைய பாஷையில் கேஸ் என்றால் தேடப்படுகிற ஆள்.

"என்ன கொண்டுபோறாய்?"

"கேஸ் ஐயா."

"ஆரின்ரை கேஸ்?"

"சரவணைக் கேஸ்."

"எத்தினை?"

"இருபத்திநாலு."

கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னார். மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள்.

முதல் நாள் அடிக்கவில்லை. போத்தில் மூடிக்குள் ஏதோ கடுதாசி ஒளித்திருக்கிறது என்று ஒருவருக்கு யோசனை வந்தது. ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார்கள். திறந்ததை வீணாக்காமல் குடிக்கச் சொன்னார்கள். கதிரை போட்டு இருந்து பார்த்தார்கள், எத்தனையாவதில் விழுவான் என்று பந்தயம் கட்டினார்கள். பதினோராவதில் சத்தி எடுத்தார். அதற்குப் பிறகும் விடவில்லை. நின்ற இடத்திலேயே உடுத்திருந்த சாரம் நனைந்தது. அதற்குத்தான் பெரிய சிரிப்பு. அடி அடுத்த நாள் தொடங்கியது. வயரால் முதுகில் ஏழு கோடு.

அடி ஊருக்குத் தெரியும். எதைக் கொண்டுபோகும்போது பிடித்தார்கள் என்பதும் போத்தில் கதையும் தெரியாது. மனைவி வினோதாவுக்கும் தெரியாது. அடி வாங்கியதைச் சொல்லலாம், அதில் ஒரு மரியாதை உண்டு. இருபத்துநான்கு சோடா குடிக்கவைத்தார்கள் என்று சொன்னால், கேட்கிறவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் முதலில் வாய் கோணும். சசி அதை யாருக்கும் சொல்லாமல் சோடா கேஸ் சுமந்துகொண்டிருந்தார். ஒன்றையும் திறந்து குடித்ததுமட்டும் இல்லை.

ஒரே ஒருவரிடம் சொன்னார். தங்கை துஷாந்தியின் புருஷன் ஜெகதீசிடம்.

சசிக்கு அது நடந்த மாதத்தில் ஜெகதீஸ் கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தங்கி கொம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அவரைக் கடித்தவை மூட்டைப்பூச்சிகள் மட்டும்தான். இரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டுக்குப் புறப்பட ஏஜென்சியோடு கதைத்து முடித்துவிட்டு, ஒரு நாள் சசியின் வீட்டுக்கு வந்தார்.

"அத்தான், உங்களுக்குச் செய்தது பெரிய அநியாயம். அங்கை இதுகளுக்கெண்டு ஆக்கள் இருக்கினம். முழுக்கச் சொல்லுங்கோ. உங்கட கேஸை நான் குடுக்கிறன்."

இரண்டு வருடமாக ஒருவரும் முழுக்கச் சொல்லுங்கோ என்று கேட்டதில்லை. சசி சொன்னார். போத்தில், பந்தயம், சாரம், எல்லாம். ஜெகதீஸ் கொப்பியில் எழுதினார். இடையில் சிரிக்கவேயில்லை. அதற்காகவே சசிக்கு அவரில் பெரிய பட்சம் வந்தது. பிறகு முதுகைப் படம் எடுக்கவேண்டும் என்றார். பின்னால் வெள்ளைப் பெட்சீற் ஒன்றைத் துஷாந்தி பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தலை வேண்டாம் அத்தான், முதுகு மட்டும் காணும். உங்களுக்குப் பாதுகாப்பு."

எவ்வளவு கவனமான பிள்ளை என்று சசி நினைத்தார்.

ஒன்றரை வருடத்தில் துஷாந்தி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணா, கேஸ் அக்செப்ற் பண்ணிட்டினமாம்."

ஏரம்புவின் மகனுக்குக் கோட்டு வழக்கு புதிதல்ல. கேஸை ஏற்றுக்கொண்டார்கள் என்றால், இனித்தான் தவணை போடுவார்கள், விளக்கம் நடக்கும், சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். தகப்பனுக்குப் பதினொரு வருடம் எடுத்தது. இது வெளிநாடு, கொஞ்சம் கூட எடுக்கும். துஷாந்தியும் பிள்ளையும் புருஷனிடம் போய்ச் சேர்ந்தார்கள். சசி இருந்து பார்த்தார். வருடத்துக்கு ஒருதரம், பொங்கலுக்கோ தீபாவளிக்கோ தொலைபேசியில் கதைக்கும்போது, கடைசியில் மெதுவாகக் கேட்பார்.

"ஜெகா, கேஸ் என்ன மாதிரி?"

"ஒரு பிரச்சினையும் இல்லை அத்தான். நல்லாப் போகுது."

அதுவும் உண்மை. மூன்று அறை வீடு, கார், பிள்ளைக்குப் பியானோ வகுப்பு. நல்லாத்தான் போயிற்று.

இந்த வருடம் ஆவணியில் இரண்டு காரியம் ஒன்றாக வந்தன. ஒன்று, ஜெகதீஸ் குடும்பம் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து இறங்கியது. மற்றது, வேலணையில் ஓர் அலுவலகம், பெயர் நீளமும் அதிகாரம் கட்டையுமானது, முந்திய காலத்தில் பாதிக்கப்பட்டவர்களின் கேஸ்களைப் பதிவதாக அறிவித்தது. சசிக்குச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணி என்று தந்திருந்தார்கள்.

அவர் காசை எதிர்பார்க்கவில்லை. உத்தியோகத்தர் ஒருவரின் கையெழுத்தோடு ஒரு தாளில், சசிகரன் என்பவருக்கு இன்னது நடந்தது என்று எழுதியிருக்கவேண்டும். அவ்வளவுதான். அந்தத் தாள் இல்லாததால், சில நேரம் விடியக் கண் விழித்துக் கிடக்கும்போது, அது நடந்ததுதானா என்று அவருக்கே ஒரு ஐமிச்சம் வரும்.

"ஜெகதீசிட்டை அந்தப் பைலைக் கேளுங்கோ" என்றாள் வினோதா. "படம், எழுத்து எல்லாம் அவரிட்டைத்தானே கிடக்கு. கொண்டுபோய்க் காட்டினா வேலை லேசு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களுக்குச் சாப்பாடு வைத்தார்கள். நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், பருப்பு. சாப்பிட்டு முடியும் நேரம் வினோதா சோடாவைக் கிளாசுகளில் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஜெகதீஸ் கையை உயர்த்தி மறித்தார்.

"எனக்கு வேண்டாம் அக்கா."

"நல்ல சோடி" என்றாள் வினோதா. "இஞ்சை ஒராள் ஊருக்கெல்லாம் சோடா குடுப்பார், தான் தொடமாட்டார். இப்ப நீங்களுமோ?"

"மாமாவும் குடிக்கிறேல்லையா?" என்று கேட்டாள் பிரியதர்சினி. துஷாந்தியின் இடுப்பில் வந்த அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது பதினேழு வயது. "அப்பா ஏன் குடிக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலை நான் அதைப் பேசினனான். முதலாம் இடம் தந்தவை."

"பிள்ளை, சாப்பாட்டுக்குள்ளை ஏன்" என்றாள் துஷாந்தி.

"சொல்லட்டன்" என்றாள் வினோதா. "மாமிக்கும் சொல்லும்."

பிள்ளை சொன்னாள். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ், ஆனால் பிழையில்லை. அப்பா சைக்கிளில் சோடா கொண்டுபோனவர். மறித்தவர்கள் ஒரு கேஸைத் தேடிக்கொண்டு நின்றார்கள். அப்பா கேஸ் என்று சொன்னபடியால் மாட்டினார். அது ஒரு சொல்லுக்கு இரண்டு கருத்து இருந்ததால் வந்த அநியாயம் என்று ரீச்சருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள். இருபத்துநான்கு போத்தில். பந்தயம். பதினோராவதில் சத்தி. சாரம் நனைந்த இடத்தில் அவள் குரல் இறங்கியது.

"அதைச் சொல்ல அப்பாவுக்கு எவ்வளவு வெக்கமா இருந்திருக்கும். ஆனா சொன்னவர். அதாலைதான் நாங்கள் இண்டைக்கு இருக்கிறம்."

வினோதா கண்ணைத் துடைத்தாள். ஜெகதீசின் கண்களிலும் தண்ணீர் நின்றது. நடிப்பு அல்ல. பதினைந்து வருடம் வக்கீலுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பிள்ளைக்குமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிய கதை, அவருக்குள் போய் இருந்து, உண்மையாகவே வலிக்கப் பழகிவிட்டது. சசிக்கு மட்டும் கண் காய்ந்து கிடந்தது. சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடியே நின்றது.

"நீங்கள் ஏன் குடிக்கிறேல்லை மாமா?"

"சீனி வருத்தம் பிள்ளை" என்றார் சசி.

கிணற்றடியில் கை கழுவும்போது ஜெகதீஸ் பின்னால் வந்தார். துவாயோடு.

"ஜெகா, நீர் எனக்கு கேஸ் போடுறன் எண்டெல்லோ சொன்னனீர்."

"உங்கட கேஸைக் குடுக்கிறன் எண்டு சொன்னனான் அத்தான். குடுத்தனான்தானே."

இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. எழுவாய் நான், செயப்படுபொருள் உங்கட கேஸ், பயனிலை கொடுத்தேன். யாருக்காகக் கொடுத்தேன் என்ற ஒரு சொல்தான் இல்லை. தமிழில் அதை விட்டுவிட்டும் வசனம் நிற்கும்.

"பதினைஞ்சு வருசம் நான் தவணை பாத்துக்கொண்டு இருந்தனான்."

"நீங்கள் விளங்கிக்கொண்டு சும்மா கேக்கிறியள் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

சசி துவாயை வாங்கவில்லை. குசினிக்குள் போனார். துஷாந்தி அங்கே சட்டி கழுவிக்கொண்டு நின்றாள், கழுவத் தேவையில்லாத சட்டியை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அண்ணா..."

"எப்ப தெரியும் எண்டு கேட்டனான்."

"படம் எடுக்கேக்கையே தெரியும்." அவள் திரும்பவில்லை. "நான்தானே பெட்சீற் பிடிச்சனான். தலையை ஏன் விடுறியள் எண்டு இவரிட்டைக் கேட்டனான். ரெண்டு பேற்றை முதுகும் ஒரே அகலம் எண்டு சொன்னவர்."

"அவருக்கு முதுகிலை ஒரு கோடும் இல்லையே. அங்கை ஒருத்தரும் சேட்டைக் கழட்டச் சொல்லேல்லையோ?"

"படம் இருக்கெண்டு விட்டிட்டினம்."

சசிக்குச் சிரிப்புமாதிரி ஒன்று வந்தது.

"அண்ணா, செவ்வாய்க்கிழமை அங்கை போறியள் எண்டு மச்சாள் சொன்னவ. அந்தப் போத்தில் கதையைச் சொல்லாதேங்கோ."

"என்ரை கதையை நான் சொல்லக்கூடாதோ?"

"இப்ப எல்லாம் கொம்பியூட்டரிலை ஏறுதாம். எங்கையாவது ஒராள் இதையும் அதையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தா என்ன நடக்கும்? ஒரே கேஸ், ரெண்டு பேர். ஆர் பொய் எண்டு வரும்."

"நான் பொய்யோ?"

"நீங்கள் பிந்தி அண்ணா."

அவள் கழுவிய சட்டியைத் திரும்பவும் கழுவினாள்.

"இவருக்காகக் கேக்கேல்லை" என்றாள் துஷாந்தி. "அவள் அந்தக் கதையிலைதான் வளந்தவள். பிள்ளைக்குத் தேப்பனை இல்லாமல் செய்யாதேங்கோ."

திங்கட்கிழமை முழுக்க சசி கேஸ் இறக்கினார். வினோதா பைலைக் கேட்டாரோ என்று விசாரித்தாள். துலைஞ்சுபோச்சாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை ஜெகதீஸ் வாடகை வானோடு வாசலில் வந்து நின்றார். பஸ்ஸில் அலைய வேண்டாம், தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அன்புக்கா, காவலுக்கா என்று பிரித்துப் பார்க்க முடியாத உதவி. வழி முழுக்க இரண்டு பேரும் வெயிலைப் பற்றிக் கதைத்தார்கள்.

அலுவலகத்தில் சத்தியபாமா என்ற உத்தியோகத்தர் இருந்தார். பொறுமையான மனுசி. காலையிலிருந்து ஒன்பது பேருடைய கதையைக் கேட்ட களை முகத்தில் இருந்தது. ஆனாலும் கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தார்.

"சொல்லுங்கோ அண்ணை. உங்கட கேஸ் என்ன?"

சசி வாயைத் திறந்தார். எந்த இடத்தில் தொடங்கினாலும் அந்த இடத்தில் ஏற்கெனவே ஜெகதீஸ் நின்றார்.

"பிடிச்சவை. மூண்டு நாள் வைச்சிருந்தவை."

"எந்த இடத்திலை?"

"சரவணைப் பக்கம்."

"என்ன கொண்டு போனனீங்கள்?"

சோடா என்று சொல்ல ஏலாது. "அரிசி" என்றார்.

"அரிசி கொண்டுபோனதுக்கு ஏன் பிடிச்சவை?"

"தெரியாது. சும்மா."

"சும்மா எண்டு நான் எழுத ஏலாது அண்ணை. ஒரு காரணம் சொல்லியிருப்பினமே. யோசிச்சுப் பாருங்கோ."

சசி யோசித்தார். காரணம் அச்சொட்டாக நினைவில் இருந்தது. அது ஒரு சொல். அந்தச் சொல்லையும் பிள்ளை முதலாம் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"ஞாபகம் இல்லை."

"உள்ளை என்ன செய்தவை?"

"அடிச்சவை."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை."

"தழும்பு ஏதும் இருக்கோ? டொக்டரிட்டைக் காட்டி ஒரு கடிதம் எடுக்கலாம்."

சசி சேட்டின் மேல் பொத்தானைத் தொட்டார். ஏழு கோடு. அந்தக் கோடுகளும் தலையில்லாமல் எங்கோ ஒரு குளிர்நாட்டுப் பைலுக்குள் கிடக்கின்றன. கையை எடுத்து மடியில் வைத்தார்.

"இல்லை. அது மாறிட்டுது."

சத்தியபாமா எழுதியதை ஒருதரம் வாசித்துப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை, கொஞ்சம் பாவம்தான் இருந்தது. இப்படி வருகிறவர்களையும் அவர் கண்டிருக்கிறார்: ஒன்றும் நடக்காமல், பக்கத்து வீட்டாருக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு, நமக்கும் ஏதாவது கிடைக்கும் என்று வருகிறவர்கள்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. நான் பதியிறன். ஆனா இது கேஸா நிக்காது. உண்மையா நடந்த ஆக்கள் வந்தா, அவையின்ரை வாயிலை சின்னச் சின்ன விசயங்கள் வரும். இதிலை அப்பிடி ஒண்டும் இல்லை."

"ஓம்" என்றார் சசி. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஜெகதீஸ் வானைக் குளிராக்கி வைத்திருந்தார். சசி ஏறி இருந்ததும் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மாதிரி அத்தான்?"

"கேஸ் இல்லையாம்."

ஜெகதீஸ் நெடிய மூச்சு ஒன்று விட்டார். பிறகு சசியின் கையைப் பிடித்தார். "உயிருள்ளவரை மறக்கமாட்டன்" என்றார். வான் நாரந்தனைப் பக்கம் திரும்பியது. ஒரு பனங்கூடலும் இரண்டு பாழ் வீடும் கடந்துபோயின.

"ஜெகா."

"சொல்லுங்கோ அத்தான்."

"எனக்கு என்ன நடந்தது எண்டு சொல்லும்."

"என்ன அத்தான் இது."

"நீர் அங்கை சொன்ன மாதிரிச் சொல்லும். முதலிலை இருந்து. அந்த மனுசிக்கு எனக்குச் சொல்லத் தெரியேல்லை. நீர் நல்லாச் சொல்லுவீராம்."

ஜெகதீஸ் முதலில் மாட்டேன் என்றார். சசி கையை எடுக்காமல் இருந்தார். வேறு வழியில்லாமல் ஜெகதீஸ் றோட்டைப் பார்த்தபடி தொடங்கினார். தொடங்கியபின் குரல் தானாக வந்தது. நான் மத்தியானம் புறப்பட்டனான். நல்ல வெயில். கரியர்ப் பட்டி இளகிக் கிடந்தபடியால் ஒரு கையாலை கேஸைப் பிடிச்சுக்கொண்டு ஓடினனான். பட்டி இளகியிருந்ததைச் சசியே மறந்துபோயிருந்தார். எவ்வளவு வடிவாகச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேஸ் ஐயா எண்டு சொன்னனான். நான் மூடியைப் பல்லாலை திறந்தனான். நான், நான், நான்.

"ரெண்டாவது போத்திலோடையே எனக்கு விளங்கிட்டுது, இது சோதிக்கிற வேலை இல்லை, பகிடி எண்டு. ஒரேஞ் சோடா. மூக்காலை ஏறுது..."

"கிறீம் சோடா" என்றார் சசி.

ஜெகதீஸ் நிறுத்தினார். யோசித்தார். தயக்கத்தோடுதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

"அங்கை ஒரேஞ் எண்டுதான் எழுதிக் கிடக்கு அத்தான்."

சசி யன்னல் பக்கம் திரும்பினார். கடல் வற்றிய வெளியில் மாடுகள் இரண்டு நின்றன.

"அப்ப ஒரேஞ்தான்" என்றார். "மிச்சத்தைச் சொல்லும்."